குளோரின் மணத்த விடைத்தாள்கள்

2021 பெப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை. சுபஹு தொழுதுவிட்டு ஐந்தே முக்காலுக்குத் தேநீர் குடித்தேன். ஆறு மணிக்கு முந்திய நாள் போட்ட இரண்டு முகக்கவசங்களையும் கழுவிக் கொடியில் விரித்தேன். ஏழு பத்துக்கு நிந்தவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, ஏழு முப்பதுக்குக் கல்முனையில் எங்கள் பாடசாலையின் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட்டேன். அன்று மாலைக்குள் பதினோராம் ஆண்டின் தவணைப் பரீட்சைப் புள்ளிகளை நான் முடித்துக் கொடுக்க வேண்டும். பொதுப் பரீட்சைப் பெறுபேறு கொரோனாவால் எப்போது வருமென்று தெரியாததால், இந்தப் புள்ளிகளைக் கொண்டே உயர்தர விஞ்ஞான வகுப்புக்குத் தற்காலிகமாகப் பிள்ளைகளைச் சேர்ப்பதென்று அதிபர் முடிவு செய்திருந்தார். கணிதத்தில் ஐம்பது எல்லை. பரீட்சைப் பகுதிக்குப் பொறுப்பாசிரியர் நான்.

அதற்கு முந்திய வாரம் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். கணிதப் பரீட்சை முடிந்த மறுநாள், தொற்று கண்டு ஓர் ஒழுங்கையை, அந்தக் குறுந்தெரு முழுவதையும், மூடினார்கள். அந்த ஒழுங்கையிலிருந்து வந்து எழுதியவர்கள் ஏழு பேர். அவர்களின் விடைத்தாள்களைத் தனியாகப் பிரித்தெடுத்தேன். வீட்டில் மனைவிக்கு மூச்சிழுப்பு நோய். அந்தப் பயத்தில், பாடசாலை வாசற்கதவுக்கு அடிப்பதற்காக வைத்திருந்த குளோரின் தண்ணீரை ஏழு தாள்களின் மீதும் பக்கம் பக்கமாக அடித்து, களஞ்சிய அறையில் காய வைத்துப் பூட்டினேன். மூன்றாம் நாள் திறந்தபோது போல்பொயின்ற் பேனையால் எழுதிய நான்கு தாள்கள் அப்படியே இருந்தன. ஜெல் பேனையால் எழுதிய மூன்றில் எழுத்து வெளிறி மஞ்சள் கறையாகிவிட்டது. பின்னால் வந்து நின்ற அதிபர் தாள்களைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து ஓடுகளைப் பார்த்தார். “கூரை ஒழுகியிரிக்கி” என்றார். நானும் மேலே பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

திருத்த முடியாத தாளுக்குப் போன தவணைப் புள்ளியையே போடுவது என்று தீர்மானமாயிற்று. இது நோய்க்காலம், யார் மீதும் பிழையில்லை என்று கூட்டத்தில் எல்லோரும் தலையசைத்தார்கள். மூவரில் இருவருக்குப் போன தவணை எழுபத்தொன்றும் அறுபத்தாறும். மூன்றாவது பிள்ளைக்கு முப்பத்து நான்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கணித டீச்சர் அந்த மூன்றாவது தாளோடு என் மேசைக்கு வந்தார். கல்முனை மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பத்தவர். என்னைவிட இரண்டு வருடம் மூத்தவர், வாய்க்குப் பூட்டில்லாதவர்.

“சேர், இத ஒருக்கா மணந்து பாருங்க.”

“எனக்குத் தடிமன் டீச்சர், மூக்கடைப்பு.”

“தடிமனா? அப்ப உங்களத்தான் முதல்ல தனிமைப்படுத்தணும்.” தாளை என் முன்னால் வைத்தார். “கூரை ஒழுகினா குளோரின் மணக்குமா சேர்?”

அவர் பக்கங்களைப் புரட்டினார். பேனையெழுத்து போயிருந்தாலும், கேத்திரகணித அமைப்பும் வரைபும் பென்சிலில் கீறியவை, அழியாமல் இருந்தன. அவற்றின் அருகே பச்சை மையில் பத்துக்குப் பத்து, பத்துக்குப் பத்து என்று போட்டிருந்தார். “போன தவணை கவராயம் புடிக்கத் தெரியாத புள்ள. வில்லு வெட்டியிரிக்கிற வடிவப் பாருங்க.”

“எல்லாருக்கும் ஒரே முறைதானே டீச்சர். ஒராளுக்கு மாத்தினா அநியாயம்.”

“ஒரே முறைதான். அதால மத்த ரெண்டு பேருக்கும் ஒண்டும் குறையல்ல. இவளுக்கு மட்டும்தான் குறையிது.”

“அப்ப இந்த இருபத வச்சி மிச்சத்தக் கணக்குப் பார்த்துப் போடுங்களன்.”

“காணாத விடைக்குப் புள்ளி போட நான் என்ன சாத்திரக்காரியா? திரும்ப எழுத விடணும். அதுக்கு நீங்க அதிபர்ட்ட ஒண்டு சொல்லணும். நான் சொல்லமாட்டன். உங்கட வாயால வரட்டும்.”

போய்விட்டார். புள்ளித்தாளில் அந்தப் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தை வெறுமையாக விட்டு மற்றவற்றை நிரப்பினேன். இரண்டு முறை எழுந்துபோய்க் கை கழுவினேன். இரண்டரைக்குப் பிள்ளையின் தாய் தொலைபேசியில் வந்தார்.

“சேர், புள்ள அவட மச்சிட ஃபோன வாங்கிப் படிச்சவ. இந்த முற அம்பதுக்கு மேல வரும் எண்டு சொல்லிட்டிருந்தா. பேப்பர் நனஞ்சிட்டாமே?” நான் வாய் திறக்குமுன் அவரே தொடர்ந்தார். “மழைக்கு நாம யாரக் குத்தம் சொல்ற? அல்லாஹ்ட நாட்டம்.”

“ஓம்” என்று ஆமோதித்தேன்.

புள்ளித்தாளைக் கொடுக்காமல் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பைப் புரட்டினேன். ஒவ்வொரு நாளும் முதல் வரியில் வானிலையை எழுதுவது என் வழக்கம். தாள்களைப் பூட்டிய நாள் முதல் திறந்த நாள் வரை வெயில், வெயில், வெயில் என்று என் கையெழுத்தே சொன்னது. மாலை அஸர் தொழுகையில் எத்தனை ரக்அத் முடிந்தது என்று தடுமாறினேன்.

அந்தப் பிள்ளை பதினொரு நாட்களின் பின், ஒழுங்கை திறந்ததும், புதிய வினாத்தாளில் எழுதி ஐம்பத்தெட்டு எடுத்தாள். விஞ்ஞான வகுப்பில் சேர்ந்தாள். இங்கே நிறுத்தினால் எனக்கு வசதி. ஆனால் அதே ஒழுங்கையில் போல்பொயின்ற் பேனையால் எழுதி நாற்பத்தெட்டு எடுத்த இன்னொரு பிள்ளை இருந்தாள். அவளும் அதே நோய்ப் பயத்தில் படித்தவள்தான். அவளுடைய தாள் அழியாததால் அவளுக்கு இன்னொரு தடவை கிடைக்கவில்லை, படிக்கப் பதினொரு நாளும் கிடைக்கவில்லை. கலை வகுப்புக்குப் போனாள். இப்போது கடைத்தெருவில் என்னைக் கண்டால் ஸலாம் சொல்கிறாள். நான் பதில் சொல்லிவிட்டு வேகமாக நடக்கிறேன்.

டீச்சர் ஓய்வுபெற்று மட்டக்களப்பில் மகளோடு இருக்கிறார். நோன்புப் பெருநாளன்று எனக்கு வரும் முதல் அழைப்பு அவருடையது. போன பெருநாளில் அந்த நாற்பத்தெட்டுப் பிள்ளைக்கு என்ன நியாயம் என்று கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: “நோய் செஞ்சத நம்மளால சமப்படுத்த ஏலாது. நாம செஞ்சதையாவது நாம சொல்லணும் எண்டுதான் அண்டைக்கு வந்த நான்.” அது எனக்குப் போதவில்லை. அவருக்கும் போதவில்லை என்பது குரலில் தெரிந்தது.

அந்தச் செவ்வாயின் மறுநாள், பெப்ரவரி 10, புதன்கிழமை. சுபஹு தொழுத பாயிலிருந்து எழுந்ததும், தேநீருக்கு முன், முதலில் அதிபருக்கு அழைத்தேன்.

“சேர், கூரை ஒழுகல்ல. நான்தான் பேப்பருக்குக் குளோரின் அடிச்ச.”

சேவல் கூவியது, அவருடைய பக்கமா என்னுடைய பக்கமா என்று தெரியவில்லை. பிறகு, “எழுத்துல தருவீங்களா?” என்று கேட்டார்.

கடதாசியை எடுத்து, திகதி போட்டு, எழுதத் தொடங்கினேன்.