சங்கத்து வண்டியும் என்ற ஊட்டுக்காரரும்

ஏங்கண்ணு, செத்தவரு கடைசியா என்ன பேசுனாருன்னு தெரிஞ்சுட்டு நீ என்ன பண்ணப்போற? உன்ற ஊட்ல வேலையே இல்லையா? சரி, உக்காரு. வெளிய சொன்னயின்னா காதத் திருகிப்போடுவேன்.

என்ற ஊட்டுக்காரரு பட்டாளத்துல லாரி ஓட்டுனவரு. அவராட்டவே ரிட்டையர் ஆயி வந்தவங்க நாலஞ்சு பேரு சேர்ந்து சங்கம் வெச்சு, ஒரு பழைய ஆம்னி வேன் வாங்குனாங்க. எங்கூரு பொங்கலூருக்கு அக்கட்டால, உள்ள தள்ளி இருக்குது. பஸ்ஸு நெனச்சா வரும். ஆஸ்பத்திரிக்கு அவசரம்னா சங்கத்து வண்டிதான், காசு வாங்கமாட்டாங்க. எல்லாத்துக்கும் முட்டி வலி. ஆனா வண்டில ஏறிட்டா சண்டைக்குப் போறாப்ல நெஞ்ச நிமுத்திக்குவாங்க. "ஏனுங்க, எதிரி எந்தப் பக்கம்?"னு கேப்பேன். "ஊட்டுக்குள்ளதான்"ம்பாரு.

அன்னைக்கு மத்தியானம் பனியன் கம்பெனி லைன் ஊட்ல ஒரு இந்திக்காரப் புள்ளைக்குப் பிரசவ வலி. இவரு சிநேகிதரு சுபேதாரு, அவளை ஏத்திட்டு திருப்பூருக்குப் போனாரு. போன கொஞ்ச நேரத்துல இவரு நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்துட்டாரு. வேர்வை கொட்டுது. நான் ஆம்புலன்சுக்குச் சொல்லிப்போட்டு, சுபேதாருக்கும் போன் போட்டேன்.

"அண்ணா, வண்டியத் திருப்புங்க!"

"ஐயோ, இதா திருப்பறனுங்க அம்மிணி!"

இவரு போனப் புடுங்கிட்டாரு. "டேய், திருப்பாத. அந்தப் புள்ளய உட்டுட்டு வா. நான் எங்க போயிரப்போறேன்?"

அப்பறம் எம்பக்கம் திரும்பி, "மொகத்த ஏன் அப்படி வெச்சிருக்கற? பாக்கறக்கே பயமா இருக்குது"ன்னாரு. அதுதாங் கண்ணு கடைசி. ஆம்புலன்சு வந்து நிக்கறப்ப என்ற தோள்ல சாஞ்சிருந்தாரு. எந்திரிக்கல.

அந்த இந்திக்காரப் புள்ளைக்குப் பொண்ணு பொறந்துச்சு, நல்லா இருக்குதாம். சுபேதாரு வந்து வாசல்லயே நின்னாரு, உள்ள வரல. எழவுக்கு வந்த பக்கத்தூட்டுப் பொம்பளைங்க, "எவளோ ஒருத்திக்காக வண்டி போயிருச்சு. பாதி வழியில திருப்பியாவது இருக்கலாம்ல?"னு அவரு காதுபடப் பேசுனாங்க. அதையேதான் நானும் மனசுக்குள்ள சொல்லிட்டு இருந்தேன். சுபேதாரு வாயத் தொறக்கப் பாத்தாரு. நான் முந்திக்கிட்டேன்.

"அண்ணனுக்கு எப்படீங்க தெரியும்? நான் போனே போடலையே. பதட்டத்துல சங்கத்து நெம்பரு மறந்தே போச்சு. படிக்காத முண்டம்ங்க நான், நூத்தியெட்டு மட்டுந்தான் ஞாபகத்துல வந்துச்சு."