தையற்காரம்மாவின் புங்கைத் தோப்பு

தையற்காரம்மாவுக்கு ஒரு பிசிறு கண்ணில் பட்டால் போதும், கை சும்மா இருக்காது. எதிரே நிற்பவர் சட்டையில் நூல் தொங்கினாலும் பேச்சோடு பேச்சாகக் கத்தரித்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட மனுஷி மரம் வளர்த்தால் என்ன ஆகும், சொல்லுங்கள்!

வளர்த்தது வீட்டுக்காரருக்காகத்தான். அவருக்குத் தொழில் தேனீ வளர்ப்பு. கோடைக்கு முன்னால் ஒரு மாதம் அக்கம்பக்கத்தில் பூவே இருக்காது. தேனீக்கள் பட்டினி தாங்காமல் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடும். அந்த மாதத்தில் பூக்கிற, இந்த மண்ணுக்கே உரிய மரம் புங்கை என்று கேள்விப்பட்டு வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு கன்று நட்டாள். பத்து வருஷத்தில் அது குட்டித் தோப்பாகிவிட்டது. நண்பகலிலும் உள்ளே பச்சை வெளிச்சம்; நடந்தால் தூக்கத்தில் நடப்பது போலிருக்கும். ஆனால் பூ? ம்ஹூம், பேருக்கு ஒன்றுகூட இல்லை. எட்டுப் பெட்டி தேய்ந்து ஒன்றாகிவிட்டது.

"இதுவும் போச்சுன்னா நான் வேற வேலை தேடிக்கறேன்" என்றுவிட்டார் வீட்டுக்காரர்.

இந்த வருஷம் பார்த்து அவள் படியில் வழுக்கி வலது கையை ஒடித்துக்கொண்டாள். இலை உதிர்ந்ததும் ஏணியில் ஏறி எல்லா மரத்துக்கும் நுனிக் கொம்பை ஒரே சீராக நறுக்கிவிடுவது அவள் வழக்கம். அது நின்றுபோனது. தோப்பு தலைவிரி கோலமாய் நின்றது. பார்க்கப் பொறுக்காமல் பின்பக்க ஜன்னலையே சாத்திவிட்டாள்.

ஒருநாள் காலையில் வீடே லேசாக முனகுவது போலிருந்தது. கனவோ என்று எழுந்து போனாள். தோப்பு முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்ப் பூ. தலைக்கு மேலே தேனீக்கள் மிதந்தன. எவ்வளவு நேரம் நின்றாளோ, அவளுக்கே தெரியாது. பிறகுதான் கவனித்தாள், அத்தனை பூவும் அவள் நறுக்குகிற நுனியில்தான் இருந்தது.

"என்னங்க, மொக்கு வர்ற இடத்தை வருஷா வருஷம் நானே வெட்டிப் போட்டிருக்கேங்க!" என்று அழுதாள்.

"ஏழு பெட்டி போச்சே!" என்றார் அவர். பிறகு அவளுடைய நல்ல கையைப் பிடித்து மிஞ்சிய பெட்டியின் மூடியில் வைத்தார். உள்ளே ஒரே இரைச்சல்; அதிர்வு முழங்கை வரை ஏறியது.

"திட்டித் தீர்த்துடுங்க" என்றாள்.

"வாய் வரைக்கும் வருது. ஆனா பத்து வருஷமா ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் நானாச்சே!"