ரேடியோ மேடையில போய் நில்லு

என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். ஊருக்கு நடுவுல இருக்கிற பெரிய பார்க்குல அப்பாவை பெஞ்சுல உட்கார வெச்சுட்டு, ஆபீஸ் போன்னு தள்ளிப் போய்ப் பேசிக்கிட்டிருந்தேன். அஞ்சே நிமிஷம். திரும்பி வந்தா ஆளைக் காணோம். செருப்பு மட்டும் கிடந்துச்சு.

ரெண்டு வருஷமா அவருக்கு மறதி. சாப்பிட்டதை மறந்துட்டு மறுபடி சாப்பாடு கேட்பார். அன்னைக்குக் காலையிலகூட "எத்தனை தடவைப்பா சொல்றது"னு எரிஞ்சு விழுந்திருந்தேன். அதுதான் அவர்கிட்ட நான் பேசின கடைசிப் பேச்சா ஆயிடுமோ?

செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு ஓடினேன். ஃபவுண்டனைச் சுத்தி, உடற்பயிற்சிக் கம்பிங்ககிட்ட, கழிப்பறை வாசல்ல, செல்ஃபி எடுக்க நட்டு வெச்ச பெரிய எழுத்துகளுக்குப் பின்னாடி. "வயசானவர், நீலச் சட்டை, பார்த்தீங்களா?" வாக்கிங் போறவங்க காதுல மாட்டினதைக் கழட்டாமலே தலையாட்டிட்டுப் போனாங்க. கேட்டுக்கு வெளியே தென்னூர் போற பஸ்ஸெல்லாம் பறக்குது. அந்த ரோட்டைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. ரங்கநாதா, அவரைக் குடுத்துடுன்னு வாய்விட்டே அழுதேன்.

அப்பதான் உறைச்சுது. நான் தேடுறது இன்னைக்கு இருக்கிற பார்க்குல. அவர் நினைப்புல இருக்கிறது வேற பார்க்.

அதோட கதையெல்லாம் அப்பா சொல்லித்தான் தெரியும். அவர் சின்ன வயசுல அது முள்கம்பி போட்ட வெறும் பொட்டலாம். அப்புறம் அங்க ரேடியோ மேடை கட்டினாங்க. சாயங்காலம் செய்தி கேட்க ஜனம் வந்து புல்லுல உட்காருமாம். என் காலத்துல ஊஞ்சல், சறுக்குமரம், மேடைக்கு நிழலா ஒரு தூங்குமூஞ்சி மரம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல கை விட்டுப் போனா அப்பா வெச்ச சட்டம் ஒண்ணுதான்: "அழாதே, அலையாதே. ரேடியோ மேடையில போய் நில்லு. அப்பா வந்துருவேன்." ஊர்ல பாதிப் பிள்ளைங்க அங்கதான் கிடைச்சாங்க.

அந்த மேடை எங்கே? அழகுபடுத்துறோம்னு எல்லாத்தையும் புரட்டிப் போட்டுட்டாங்களே. கேட்கிட்ட கடலை விக்கிற அம்மாவைக் கேட்டேன்.

"அதை இடிச்சுட்டுத்தானேம்மா வண்டி நிறுத்துற இடமாக்கியிருக்காங்க. பின்பக்கம் போங்க."

அங்க, பைக்குகளுக்கு நடுவுல, சுடுற சிமெண்ட் தரையில வெறுங்காலோட அப்பா நின்னுக்கிட்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடிச்சேன். அவர் மெதுவா விடுவிச்சுக்கிட்டார். முகமெல்லாம் வேர்வை. கண்ணு கூட்டத்தையே துழாவிக்கிட்டிருந்துச்சு.

"என் பொண்ணைக் காணோம்ங்க. சின்னப் பொண்ணு, ரெட்டைச் சடை. தொலைஞ்சா இங்க வரச் சொல்லியிருக்கேன். நீங்க ஏன் வெயில்ல நிக்கிறீங்க, போங்க. அவ வந்துருவா."

குனிஞ்சு அவர் கால்ல செருப்பை மாட்டிவிட்டேன்.

"ரொம்ப நன்றிங்க"ன்னார்.

அப்பா எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.