ஏழாம் எண்ணின் இடது இறக்கை

காலை ஒன்பது இருபதுக்குச் செய்தி வந்தது. அண்டை நாட்டில் இதே ரகப் பயிற்சி விமானம் ஒன்று வானத்திலேயே இறக்கை முறிந்து விழுந்துவிட்டது. நாலாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்த இறக்கை எதுவும் இனிப் பறக்கக் கூடாது.

ஹெர்மினியா யார்லெகே ஏடுகளைப் புரட்டினாள். பெருவின் வடக்குக் கடற்கரையில், மணல்காட்டு நடுவே இருந்த அந்த விமானத் தளத்தில் பத்தொன்பது வருஷமாக அதுதான் அவள் வேலை. எந்த விமானம் எத்தனை மணி பறந்தது, எத்தனை தடவை குலுங்கியது என்று கருவியைப் பார்த்து எழுதுவாள். உலோகமும் களைத்துப்போகும். வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விடும்.

நாலாயிரத்தைத் தாண்டியது பன்னிரண்டாம் எண் மட்டும். அது கொட்டகையில் நின்றது. அப்பாடா என்று சாய்ந்தவள் மறுகணமே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

முந்தைய ஜூலையில் பன்னிரண்டின் இடது இறக்கையில் ஏணி மோதிவிட்டது. சுதந்திர தின அணிவகுப்பில் அது பறந்தே ஆக வேண்டும் என்று ஏழின் இறக்கையைக் கழற்றி அதில் மாட்டினார்கள். பன்னிரண்டின் பழைய இறக்கையைப் பிறகு சரிசெய்து ஏழில் பூட்டினார்கள். இறக்கைகள் இடம் மாறின. ஏட்டில் மணிக்கணக்கு மட்டும் விமானத்தின் வாலில் எழுதியிருந்த எண்ணோடே நின்றுவிட்டது. கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

ஏழு இப்போது வானத்தில் இருந்தது. லெப்டினன்ட் ஓட்டினியானோ அதில் கரணம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தான்.

அவள் ஓடினாள். ஒரு செருப்பு வழியிலேயே போயிற்று.

"என்னக்கா, பேயக் கண்ட மாதிரி?" கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்த சுங்கா வாழைக்காய் வறுவலை மென்றபடி கேட்டான்.

"மைக்கக் குடுடா! தம்பி, ஹெர்மினியா பேசறேன். கரணம் கிரணம் எதுவும் வேணாம். நேரா வா, மெதுவா திரும்பு."

"ஏன்க்கா, சோறு ஆறிடுமா?" என்று வயர்லெஸ்ஸில் சிரிப்புக் கேட்டது.

"உன் இடது இறக்கை பழசுப்பா. நான் ஏட்டுல மாத்தி எழுதாம விட்டுட்டேன்."

"சரிக்கா, மெதுவா திரும்பறேன்" என்றது வயர்லெஸ்.

பதினொரு நிமிஷம். வானத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சுங்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மெல்லுவதை நிறுத்தியிருந்தான். கடைசியில் அவன் "தரையத் தொட்டுடுச்சு" என்றபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இறக்கையின் அடித்தகட்டைக் கழற்றினார்கள். உள்ளே விரல் நீளத்துக்கு விரிசல். ஓட்டினியானோ அதைத் தடவிப் பார்த்தான். ஓரமாகப் போய் வாந்தியெடுத்தான்.

அன்றிலிருந்து எந்த இறக்கையின் அடித்தகடு கழன்றாலும் உள்ளே சிவப்பு வண்ணத்தில் அந்த இறக்கைக்கென்றே ஓர் எண்ணைத் தன் கையால் எழுதுவாள். பெரிய பழுதுபார்ப்பின்போதுதான் தகடு கழலும். வருஷத்துக்கு மூன்றோ நாலோ. ஏழு வருஷம் கழித்து, போன செவ்வாய்க்கிழமை அவள் இறந்தபோது, இருபத்துநாலு இறக்கைகளில் இருபத்துமூன்றுக்கு எண் இருந்தது. மூன்றாம் விமானத்தின் வலது இறக்கைக்கு இல்லை.