பன்னிரண்டு வாரக் கதிரை

காலை எட்டரை மணி, பன்னிரண்டு வாரம், ஜினெட்.

ஏஜென்சிக்காரி தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும், எத்தனை வாரத்துக்கு, யாருடைய கதிரையில். இந்தத் தொழிலில் இதற்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள். சமூகப் பணியாளர்களில் நிரந்தரக்காரர் ஓர் இனம், நாடோடிகள் வேறோர் இனம். நாங்கள் இரண்டாவது. பிரசவத்துக்கு, முதுகுவலிக்கு, மனச்சோர்வுக்கு லீவில் போனவரின் இடத்தை அடைத்துக்கொண்டு இருந்துவிட்டு, அவர் திரும்பி வந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு அடுத்த பேட்டைக்குப் போகிறவர்கள். இதைப் படிக்கிறவர்களில் அடுத்தவர் கதிரையில் குந்திப் பிழைத்தவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006 செப்டம்பர், கனடாவில் மொன்ட்ரியால்-நோர். என் முதல் ஒப்பந்தம்.

கதிரை

ஜினெட் முதுகுவலியில் போயிருந்தார். கட்டையான பெண்மணி என்பது கதிரையில் இருந்த உடனேயே விளங்கிவிட்டது. என் முழங்கால்கள் நாடிக்கு வந்தன. மேசையில் அவருடைய பூனையின் படம், அவருடைய கோப்பை, அவருடைய வாடிய செடி. தொலைபேசியை எடுத்தால் எதிர்முனையில், "ஜினெட், தடிமனா? குரல் மாறிக் கிடக்கிறது" என்று கேட்பார்கள். முதல் இரண்டு நாளும் திருத்தினேன். மூன்றாம் நாள் ஓம், தடிமன்தான் என்று சொல்லிவிட்டேன்.

கதிரையை உயர்த்தலாமென்று கீழே கையை விட்டு நெம்புகோலைத் தேடினேன். பக்கத்து மேசை றெஜான், அங்கே பல வருடமாக வேலை செய்கிற நிரந்தரக்காரர், பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கதிரையை ஜினெட்டின் முதுகுக்கென்று நிபுணர் ஒருவர் வந்து பூட்டிவிட்டுப் போனாராம். என் முதுகு என்னாகும் என்று கேட்டேன்.

"உன் முதுகு பன்னிரண்டு வாரம்தான்," என்றார் றெஜான். "அவளுடையது ஓய்வூதியம்வரை போக வேண்டியது."

சுருக்கமும் விரிவும்

ஜினெட்டின் கோப்புகளில் ஒருவர் மூசியு லவுவா, ஓய்வுபெற்ற லொறிச் சாரதி. மனைவி இறந்த பிறகு வீட்டைவிட்டு வெளிக்கிடாமல் கிடந்தவர். நான் புதுக் கொப்பி, புதுப் பேனை, பல்கலைக்கழகத்தில் படித்த முகபாவம் எல்லாவற்றோடும் போய் அவர் முன்னால் இருந்தேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். அவசரமில்லை" என்றேன். எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

அவர் சிகரெட்டைப் பற்றவைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு முதல் வந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நத்தாலி அழுதாளாம், நல்ல பிள்ளை, ஆனால் கதையின் நடுவில் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். அதற்குப் பிறகு வந்த தாடிக்காரனுக்கு முதலில் இருந்து தொடங்க வேண்டியிருந்ததாம். பிறகு, "நீ எத்தனை வாரம்?" என்றார். பன்னிரண்டு என்றேன். மனதுக்குள் ஏதோ கணக்குப் பார்த்தார்.

"அப்படியென்றால் என் மனைவி செத்ததை மட்டும் சொல்கிறேன். சின்ன வயதுக் கதை ஆறு மாதக்காரருக்குத்தான்."

பட்டுச் சேலை

தமிழ் ஆள் ஒருவன் வந்திருக்கிறான் என்றதும், அலுவலகத்தில் இருந்த ஒரே தமிழ்க் கோப்பு என் மேசைக்கு வந்தது. பிலோமினா அன்ரி, மன்னார்க்காரி, எழுபதை எட்டிப்பிடிக்கிற வயது. கணவர் இல்லை, மகன் ரொறொன்ரோவில். குடியிருப்பது மூன்றாம் மாடி. இந்த ஊரில் மாடிப்படி வீட்டுக்கு வெளியே இரும்பில் முறுகித் தொங்கும். மழைக்கு வழுக்கும், பனிக்கு உறையும். அன்ரிக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன என்று டொக்டர் எழுதியிருந்தார். படி இல்லாத அரச வாடகை வீடு ஒன்றுக்கு மகன் விண்ணப்பித்திருந்தான். அது கிடைக்காவிட்டால் முதல் பனியிலிருந்து ஏப்ரல்வரை அன்ரிக்கு மேல்மாடியில் மறியல், சிறைதான். இல்லையென்றால் ஒருநாள் உருண்டு கீழே வருவார்.

ஆனால் எனக்கு முதல் போன ஒப்பந்தக்காரர் மூவரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: உற்சாகமானவர், நன்றாக நடக்கிறார், உதவியில்லாமல் தெருவரை இறங்கி வந்தார். ஏன் என்பது படியின் உச்சியைக் கண்டதும் கொஞ்சம் புரிந்தது. அன்ரி பட்டுச் சேலை, சங்கிலி, பவுடர் சகிதம் வாசலில் நின்றார். மேசையில் மீன் றோல்ஸ், கட்லட், கேக். திரு இருதயப் படத்துக்குப் புது மாலை. கவுண்மேந்து ஆள் வீட்டுக்கு வந்தால் எங்கள் சனம் வீட்டையும் உடம்பையும் கழுவித் துடைத்து, குறை ஒன்றுமில்லாமல் காட்டும். குறையைப் பார்க்கத்தான் கவுண்மேந்து ஆளை அனுப்பியிருக்கிறது என்று அதற்கு யார் சொல்வது? முழங்கால் எப்படி என்று முன்னால் வந்த பிரெஞ்சுக்காரர் கேட்டபோதெல்லாம் அன்ரி தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வசனத்தைச் சொல்லியிருக்கிறார்: சா வா பியாங். நல்ல சுகம். நான் தமிழில் கேட்டேன். தமிழிலும் நல்ல சுகம்தான்.

"அன்ரி, முழங்கால் நோ இருந்தாச் சொல்லுங்கோ, நான் எழுதவேணும்" என்றேன்.

"வீட்டுக்கு வந்த ஆளிட்டை நோவைச் சொல்லுறதே தம்பி? முதல்ல அந்த றோல்ஸை எடும், ஆறுது."

நிரந்தரம்

அந்த ஞாயிறு தமிழ்க் கத்தோலிக்கப் பூசை முடிந்து கோயில் வாசலில் அருளப்பு அண்ணை என்னைப் பிடித்தார். கலியாணம் பொருத்துவதில் அவருக்கு ஒரு கை உண்டு. கூலி வாங்காமல் செய்கிறபடியால் யாரும் தப்ப முடியாது. பிலோமினா அன்ரி கோயிலுக்கு வருகிறவவோ என்று பேச்சோடு பேச்சாக விசாரித்தேன். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு ஆளைக் காணவில்லை என்றார். "பங்குச் சுவாமியோடை ஏதோ கோவம் எண்டு கதை. பீடத்துக்குப் பூ வைக்கிறதை வேற ஆளிட்டைக் குடுத்திட்டாராம்." தேய்ந்த முழங்காலைவிடக் கோபம் எங்கள் ஆட்களுக்குச் சுவையான காரணம்.

பிறகு அவர் தன் விசாரணையைத் தொடங்கினார். கவுண்மேந்து வேலையோ? ஓம். மேசை வேலையோ? ஓம். பேர்மனன்றோ? இல்லை அண்ணை, பன்னிரண்டு வாரம். அவர் தோளில் போட்டிருந்த கையை எடுத்துவிட்டார்.

"பன்னிரண்டு வாரத்துக்கெல்லாம் பொம்பிளை குடுக்க மாட்டினம், தம்பி."

பஸ் தரிப்பிடம்

இரண்டாம் தடவையும் அன்ரி வீட்டுக்குப் போனேன். வேறு சேலை, அதே றோல்ஸ். வெளிக்கிடும்போது, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லக் கேட்காமல் படியிறங்கிக் கூடவே வந்தார். கைபிடியைப் பிடித்தபடி, மீன் விலை பற்றிக் கதைத்தபடி, மெதுவாக, சிரித்த முகத்தோடு. மூன்று பேர் எழுதியது சரிதானே என்று எனக்கே தோன்றிவிட்டது. தெருவில் நின்று கையசைத்தார். நான் எதிர்ப்பக்கம் போய் டெப்பனர் என்கிற பெட்டிக்கடை மூலையில் திரும்பினேன்.

அந்த மூவருக்கும் கார் இருந்தது. எனக்கு இல்லை. மூலையில் இருந்த தரிப்பிடத்துக்கு பஸ் இன்னும் வரவில்லை. சும்மா நின்றவன் கடைக் கண்ணாடி ஓரத்தால் எட்டிப் பார்த்தேன். பட்டுச் சேலையோடு பிலோமினா அன்ரி படியில் குந்தியிருந்தார். முதுகைப் படிப்பக்கம் வைத்து, இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை ஒரு படி மேலே தூக்கி வைத்தார். இளைத்தார். செபமாலை உருட்டுகிற மாதிரி வாய் அசைந்தது. பிறகு அடுத்த படி. அவர் இறங்கியதை எல்லோரும் கண்டிருந்தார்கள். ஏறினதை ஒருவரும் காணவில்லை. கோயிலில் ஏன் காணவில்லை என்பதற்கும் அதுதான் விடை. சுவாமிமீது கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஓடிப்போய்க் கைகொடுத்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. களைப்பு இல்லை, கோபம்.

"போன ஆள் என்னத்துக்குத் திரும்பிப் பார்க்கிறீர்? பஸ்ஸைப் பாரும்!"

ஒருவழிப் பாதை

நான் கண்டதை எழுதிக் கொடுத்தேன். எங்கள் குழுத் தலைவி மிஷ்லின் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மூன்று பேர் நடக்கிறார் என்கிறார்கள், நீ ஒருத்தன் குந்தியபடி ஏறுகிறார் என்கிறாய். அதுவும் உன் ஊர்க்காரி. வீடு கொடுக்கிற தெரிவுக் குழு சிரிக்கும் என்றார். ஜினெட்டின் கதிரையில் இருந்தபடி நான் என்ன வாதாடினாலும் எடுபடாது. நீங்களே வந்து பாருங்கள் என்றேன்.

பெரிய மேடம் வருகிறாரென்று அறிந்து அன்ரி கூறைச் சேலையையே எடுத்துவிட்டார். மிஷ்லின் நாலு றோல்ஸ் சாப்பிட்டார். சா வா பியாங் என்று அன்ரி பலமுறை சொன்னார். மிஷ்லின் என்னைப் பார்த்த பார்வையில் என் ஒப்பந்தம் அன்றே முடிந்தது போல இருந்தது. பிறகு வழக்கம்போல் அன்ரி தெருவரை இறங்கி வந்தார். நவம்பர்க் குளிர், சேலைக்கு மேலே ஒரு மெல்லிய சுவெற்றர். காரை எடுக்காமல் கொஞ்சம் இருங்கள் என்று மிஷ்லினிடம் சொன்னேன். இருந்தோம். அன்ரி கையசைத்தார். நாங்களும் அசைத்தோம். விருந்தாளி போகாமல் வீட்டுக்காரி முதுகைக் காட்டக் கூடாது என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கார் நகராமல் அவர் ஏற மாட்டார். அவர் ஏறாமல் கார் நகராது என்று நான். இப்படியே எல்லோரும் சிரித்துக்கொண்டு விறைத்தோம். கடைசியில் மிஷ்லின் பொறுமை இழந்து காரை எடுத்தார். "வலப்பக்கம் திருப்புங்கள், இன்னொரு தரம் வலப்பக்கம்" என்று கெஞ்சினேன். அந்தப் பேட்டை முழுவதும் ஒருவழிப் பாதை. வட்டமடித்து அதே தெருவுக்குள் பின்னால் வந்து நின்றோம்.

கூறைச் சேலை நடுப்படியில் குந்தியிருந்தது. மிஷ்லின் எஞ்சினை நிறுத்தினார். அன்ரி கதவுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் எடுத்தது.

"உன் ஊர்க்காரரை மதிப்பிடுவதென்றால் வீட்டுக்குள் போய்ப் பயனில்லை," என்றார். "தெருவைச் சுற்ற வேண்டும்."

கடைசி வெள்ளி

தெரிவுக் குழு கூடுவதற்கு முதல் என் பன்னிரண்டு வாரம் முடிந்துவிட்டது. அதற்கும் விதி ஒன்று வைத்திருந்தார்கள்: ஆள் மாறினால் மதிப்பீட்டையும் புதிதாகச் செய்ய வேண்டும். ஜினெட்டின் முதுகு இன்னும் சரியாகவில்லை, ஒப்பந்தத்தை நீட்டுகிற வழக்கமும் இல்லை. திங்கட்கிழமை சோஃபி என்றொரு புதுப் பெண் வரப்போகிறாள். அவள் படியேறுவாள், றோல்ஸ் சாப்பிடுவாள், நன்றாக நடக்கிறார் என்று நாலாவது தடவையாக எழுதிவைப்பாள்.

வெள்ளி பின்னேரம் அன்ரியிடம் போனேன். முதல் பனி படியில் படிந்து கிடந்தது. அடுத்து வருகிற பிள்ளையைக் கீழேவரை கொண்டுபோய் விடாதீர்கள், கதிரையில் இருந்தபடியே அனுப்பிவையுங்கள், வீடு கிடைக்கிற விசயம் என்று மன்றாடினேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார். பிறகு கொஞ்சம் யோசித்தார். கண்ணில் உண்மையான கவலை தெரிந்தது.

"அப்ப அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? என்னைத் தாய்தேப்பன் வளர்த்த விதம் சரியில்லை எண்டு நினைக்காதோ?"

திங்கட்கிழமைக்காரி

லொங்குய் நகரில் என் அடுத்த கதிரை உயரமானது. கால் தரையில் படவில்லை. இரண்டாம் வாரம் சோஃபி தொலைபேசி எடுத்தாள். பிலோமினா அம்மையாரைப் பார்த்துவிட்டு வந்தாளாம். என்ன உற்சாகமான மனுசி, என்ன உடுப்பு, வெளியே உறைபனி, அப்படியும் கையைப் பிடித்துத் தெருவரை கொண்டுவந்து விட்டார் என்று சொல்லிக்கொண்டே போனாள். எனக்குத் தொலைபேசியைக் கீழே வைக்கலாம் போல இருந்தது. சரி, என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லையே! பிறகு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தேன், எல்லாம் எழுதிவிட்டேன். இந்த அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்ய வேண்டுமாமே, மிஷ்லின் சொன்னார்."

எந்தக் கதிரையிலும் நிலைக்காத என் உத்தியோகத்தில் நிலைத்து நின்றது அந்த ஒருவழிப் பாதையின் ஒரு சுற்று மட்டும்தான். 2007 ஜனவரியில் பிலோமினா அன்ரி படியில்லாத வீட்டுக்குக் குடிபோனார். அதே மாதம் லொங்குய்யில் என் கதிரைக்காரி வேலைக்குத் திரும்பி வந்தார்.