நடுப்பல் ஒன்றா இரண்டா

இங்குன் லோத்தே முதலில் செய்த வேலை பொய்ப்பல் கட்டுவது. வோஸ் ஊரில், பல் மருத்துவர்களுக்காகப் பல்வரிசை வார்த்துக் கொடுக்கும் பட்டறை ஒன்றில் இளமை முழுவதையும் கழித்தாள். பட்டறையை மூடியதும் பெர்கனுக்கு வந்து, ஏரிச் சேற்றை ஆராயும் கூடத்தில் சேறு அலசும் ஆளாகச் சேர்ந்தாள். சேற்றுக்குள் தேடுவதும் பற்களைத்தான் என்று தெரிந்த அன்று அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மலை ஏரிகளின் அடியில், கொசு போலத் தெரிந்தாலும் கடிக்காத பூச்சிகளின் புழுக்கள் வாழ்கின்றன. வளர வளரப் பழைய தலை ஓட்டைக் கழற்றிப் போடும். அந்த ஓடு வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்காது. அதன் தாடையில் ஒரு பல்வரிசை உண்டு. பல்லைப் பார்த்தால் வகை தெரியும். வகை தெரிந்தால் அந்தக் காலத்தில் ஏரி எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று சொல்லிவிடலாம்.

இங்குனுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. கூடத்தில் கிடந்த, தலை ஓடுகள் பதித்த பழைய கண்ணாடித் தகடுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து கற்றுக்கொண்டாள். சில ஆண்டுகளில் ஒரு வழக்கமே வந்துவிட்டது: தகட்டின் ஓரத்தில் ‘இ.லோ.’ என்று இருந்தால் அதை இன்னொருவர் சரிபார்ப்பதில்லை. அந்த இரண்டு எழுத்துதான் அவளுடைய சொத்து.

ஒரு வசந்தத்தில் ஹார்டாங்கர் மேட்டு ஏரி ஒன்றின் அடியில் குழாய் இறக்கி எடுத்த, அடுக்கடுக்கான சேற்றுத்தூண் வந்தது. ஓர் அடுக்கில் மட்டும் அகன்ற ஒற்றை நடுப்பல் கொண்ட தலைகள் நிறைய இருந்தன. குளிர்நீர் வகை என்று எழுதி, தன் எழுத்தையும் போட்டாள். எதிர் மேசையில் இருந்த ஷேத்தில் என்ற ஆய்வாளன் எழுந்து வந்து நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்தான்.

“ஏய் பல்லுக்காரி, இது தேஞ்ச பல்லு மாதிரியில்ல இருக்கு?”

“தேஞ்ச பல்லப் பத்தி எனக்கே பாடமா? எத்தன கிழவங்க வாய நான் பாத்திருப்பேன்!”

“கிழவங்க மணலத் திங்க மாட்டாங்க. இதுங்க திங்கும். ரெண்டு நடுப்பல்லும் தேஞ்சு ஒண்ணாத் தெரியுதோ என்னவோ. அப்படின்னா இது வெதுவெதுப்புத் தண்ணி ஆளு.”

“கேக்கு பந்தயமா?”

“பந்தயம் எதுக்கு? தப்பு பண்ணவங்கதான இங்க எப்பவும் கேக்கு சுடணும். நீ பாதாம் வாங்கி வச்சுக்க.”

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் மழையில் வீட்டுக்கு நடக்கும்போது சிரிப்பு வரவில்லை. இது தப்பு என்றால், இத்தனை ஆண்டுகளாகத் தகடுகளில் போட்ட எழுத்தை இனி யார் நம்புவது?

சந்தேகம் தீர, புதிதாகத் தோலுரித்த புழுவின் பல் தேயாத தலை ஒன்று கிடைத்தால் போதும். அந்த அடுக்கில் மிச்சமிருந்ததோ ஒரு கரண்டிச் சேறு. அதைக் காரநீரில் ஊறவைத்து, சல்லடையில் அலசி, ஒவ்வொரு தலையாக இடுக்கியால் எடுத்தாள். முழுத்தலைகள் எல்லாமே தேய்ந்தவை. மிஞ்சியவை நடுவில் பிளந்த அரைத்தலைகள். இரண்டு அரையை ஒன்றாக எண்ணுவார்களே தவிர, அவற்றின் பல்லை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

அவற்றில் ஒன்றின் பற்கள் ஊசியாக இருந்தன. இங்குன் அதை நுண்ணோக்கியின் நடுவுக்கு நகர்த்தினாள். ஒற்றைப்பல் பிளந்தால், பிளந்த பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் நேராக நிற்கும். இரண்டில் ஒன்று என்றால், பல் இரண்டு பக்கமும் சரியும். நுண்ணோக்கியின் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இரண்டு பக்கமும் சரிந்தது.

 பிறகு அந்த அடுக்கின் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய பெயரைச் சுரண்டிப் புதிய பெயரை எழுதி, மறுபடியும் ‘இ.லோ.’ போட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் ஷேத்திலைக் கூப்பிட்டாள்.

“வந்து பாரு. வெளிப்பக்கத்த இல்ல, நடுப்பக்கத்தப் பாரு.”

அவன் வெகுநேரம் குனிந்திருந்தான். “அரைத்தலையிலயா கண்டுபுடிச்ச? நான் சும்மா சந்தேகந்தான் பட்டேன் இங்குன். கையில ஆதாரம் ஒண்ணும் இல்ல.”

“எனக்கும் இல்லாமத்தான் இருந்துச்சு.”

“வருத்தமா இல்லியா?”

“என் தப்ப நானே புடிச்சிருக்கேன். இதுல என்ன வருத்தம்? பாதாம்தான் வெல ஜாஸ்தி.”

அந்த அரைத்தலைத் தகட்டை ஷேத்தில் தானே கொண்டுபோய், கூடத்தில் எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிப் பெட்டியில் வைத்தான். அவள் எழுத்தோடுதான்.

வெள்ளிக்கிழமைக் காப்பிக்குக் கேக்கு வந்தது. மேலே பாதாம்கள் பல்வரிசையாக நின்றன. நடுவில் உயரமாக இரண்டு. வெட்ட வந்த ஷேத்தில், கேக்கின் ஓரத்தில் கத்தியை வைத்தான்.

“அங்க இல்ல,” என்றாள் இங்குன். “நடுவுல வெட்டு.”

கத்தி இரண்டு பாதாம்களுக்கும் நடுவே இறங்கியது. முழுசாக நின்ற ஒரு நடுப் பாதாமோடு தன் பாதியைத் தட்டில் தூக்கி, மேசையைச் சுற்றி எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் அவள் சாப்பிட உட்கார்ந்தாள்.