மதரம்மாவின் தங்கச்சி நடந்த தாழ்வாரம்

பேயைப் பார்த்தேன் என்று எவனாவது வந்தால், "இன்னா, நேத்து கொஞ்சம் ஜாஸ்தியா?" என்று கேட்கிற ஆள் சார் நான். இப்போது நீங்களும் என்னை அப்படித்தான் கேட்கப் போகிறீர்கள். கேளுங்கள், பரவாயில்லை.

எமர்ஜென்சி முடிந்த சமயம். ஒடுகத்தூரில் நான் கொத்து மேஸ்திரி. மேலே ஜவ்வாது மலையில் ஸ்பெயின் தேசத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் சின்ன ஆஸ்பத்திரி நடத்தி வந்தார். எல்லோருக்கும் அவர் மதரம்மா. நெஞ்சுக் கோளாறு, இனிமேல் பிரயாணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு ஒரே ஆசை, சாவதற்குள் சொந்த ஊரில் இருக்கும் தங்கச்சியை ஒருமுறை பார்க்க வேண்டும். அவரும் கன்னியாஸ்திரிதான், ஆனால் அவர் இருக்கும் மடத்துக்குள் போனவர்கள் சாகும்வரை வெளியே வரக்கூடாது. சொந்தக்காரர்கள் வந்தாலும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேச்சு.

எண்ணூறு வருஷத்துக்கு முன்னால், ராணி கேட்டாள் என்று ஒரு ராஜா கட்டிய மடமாம் அது. ராஜாவின் பெண்களே அங்கே கன்னியர்களாம், ராஜாக்களின் கல்லறையும் உள்ளேதானாம், தலைமை அம்மாவிடம் பிஷப்பின் அதிகாரம்கூடச் செல்லாதாம். நடுவில் முற்றம், சுற்றி நாலு பக்கமும் தாழ்வாரம், ஜோடி ஜோடியாகக் கல் தூண், மேலே அரைவட்ட வளைவு, அந்தக் காலத்து முஸ்லிம் கொத்தனார்கள் செய்த சுதை மயில்கள். மதரம்மா கரித்துண்டால் தரையில் வரைந்தே காட்டினார்.

"போவத்தான் முடியாது மேஸ்திரி. அதுல ஒரு பக்கமாவது இங்க கட்டிக் குடுங்க."

நாலு வளைவு கட்டினேன். மலைக்கல்லும் சுண்ணாம்பும்தான். மயில் மட்டும் கோழி மாதிரி வந்துவிட்டது, மதரம்மா அதைப் பார்த்து இருமல் வரும்வரை சிரித்தார்.

சாரம் பிரிக்கும் நாள் வந்தது. வளைவுக்கு முட்டுக் கொடுத்த கட்டையை உருவும் முன், கட்டச் சொன்னவர் தன் ஜனத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வழக்கம் அது.

"எனக்கு இங்க யாரு இருக்கா?" என்றார் மதரம்மா.

"இங்க இல்லன்னா இன்னா, அங்க கீற தங்கச்சியக் கூப்புடுங்களேன். பேரு சொல்றதுக்கு டிக்கெட்டா கேக்கறாங்க?"

தூணைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். சாப்பிட வாடி என்று தங்கச்சியைக் கூப்பிடுகிற அக்காவின் குரல் அது. கட்டையை உருவினோம், வளைவு நின்றது, ஆட்கள் சோறு தின்னப் போனார்கள்.

பட்டப்பகல்தான் சார், ஆனால் ஐப்பசி மூடுபனி. கடைசி வளைவிலிருந்து வெள்ளை அங்கியும் கறுப்பு முக்காடுமாக ஒரு வயதான அம்மா நடந்து வந்தார். நேராக மதரம்மாவிடம் போய்க் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், அவர்கள் பாஷையில் ஒரே பேச்சு. வேலூரிலிருந்து யாரோ ஜீப்பில் வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. நமக்கென்ன வேலை என்று சாமானை எடுத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பினேன், அந்த அம்மா என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார், நானும் பதில் சொல்லிவிட்டு இறங்கினேன். அவர் கேட்டது நம் தமிழில் என்பது பாதி மலை இறங்கிய பிறகுதான் உறைத்தது.

அன்று எந்த வண்டியும் மேலே வரவில்லை என்றார்கள். மறுநாள் மதரம்மாவைக் கேட்டேன். "வந்தாளே, நீங்களும் பாத்தீங்க இல்ல?" என்றார், அவ்வளவுதான். அந்த மாசமே நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

தங்கச்சி செத்து ஆவியாக வந்திருப்பார் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். மறு வருஷம் ஃபாதர் ஒருவர் அந்த மடத்துக்கே போய் மதரம்மாவின் சாவுச் சேதி சொன்னார். தங்கச்சி உயிரோடு திடமாக இருக்கிறாராம், மடத்தைவிட்டு ஒருநாளும் வெளியே வந்ததில்லையாம். அக்காவைத்தான் பார்த்துவிட்டேனே என்றாராம். ஃபாதர் வயசுக் கோளாறு என்று நினைத்து எழுந்தபோது, கம்பிக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டு ஒன்று கேட்டிருக்கிறார், மேஸ்திரி வீட்டில் என்ன குழந்தை பிறந்தது என்று.

"அவங்களுக்கு உங்கள எப்படித் தெரியும்?" என்று ஃபாதர் என்னைக் கேட்டார்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றுதான் சார் அன்று அந்த அம்மா என்னைக் கேட்டது. வூட்ல புள்ளத்தாச்சி, நாள் நெருங்கிடுச்சு என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். அதை வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை.

பெண் குழந்தை, நன்றாக இருக்கிறாள் என்று ஃபாதரை எழுதச் சொன்னேன். அதற்குள் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், எழுதினாரோ இல்லையோ. அந்த அம்மா கம்பிக்குப் பின்னால் என் வீட்டுச் சேதிக்காகக் காத்துக்கொண்டே இருந்திருப்பாரே என்று இன்றைக்கும் எனக்கு மனசு கேட்கமாட்டேன் என்கிறது.